உபகாரமன்று, உழைத்த கூலி

"சம்பளத்திற் கழிக்க வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு, அந்தக் காசை ஊருக்கு அனுப்பு."

பிரித்தானிய வைத்தியசாலைகளிலே தாதியராகவும் மருத்துவராகவும் சிற்றூழியராகவும் கடமையாற்றும் நம் பிள்ளைகளுக்கு வடக்கிலும் கிழக்கிலுமுள்ள இல்லங்களிலிருந்து போகின்ற புத்திமதி இது. அங்கே முன்னரே குடியேறிய உறவினர் சிலரும் இதையே ஓதுகின்றனர். சொல்வோர் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. பயண முகவருக்குக் கொடுக்கவென்று வாங்கிய கடன் வட்டியோடு நிற்கின்றது. வீடு கூரையில்லாமற் கிடக்கின்றது. தங்கையின் கலியாணத்துக்குத் தை மாதத்தில் நாள் வைத்தாகிவிட்டது. இந்த நெருக்கடிக்குள்ளே, மாதந்தோறும் ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் ஒரு பங்கு வெட்டப்படுவதைக் காணும் எவருக்கும் மனம் துணுக்குறவே செய்யும்.

ஆயினும் அந்தப் புத்திமதி தவறானது. அதைக் கேட்டு ஓய்வூதியத் திட்டத்தினின்றும் விலகிய ஒவ்வொரு பிள்ளையும் தான் உழைத்த கூலியின் ஒரு பகுதியைத் தன் கையாலேயே பிரித்தானியத் திறைசேரிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்கின்றது. இதனை எடுத்துரைப்பது நம் கடமை; ஏனெனில், விலகும்படி சொல்கின்ற குரல் பெரும்பாலும் இங்கிருந்தே எழுகின்றது.

நம்மவர் ஏன் இவ்வாறு எண்ணுகின்றனர் என்பதை முதலில் நோக்குவோம். ஓய்வூதியத்தை நம் பெரியவர்கள் "உபகாரச் சம்பளம்" என்றார்கள். யார் இட்ட பெயரோ அறியோம். ஆனால், அந்தப் பெயர் செய்த கேடு சிறிதன்று. எசமான் மனமிரங்கி அளிக்கும் சன்மானம் என்ற கருத்து அச்சொல்லோடு சேர்ந்தே நம் மனத்தில் ஊறிவிட்டது. இலங்கையின் அரசாங்க உத்தியோகத்தர் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி பெறும் ஓய்வூதியத்துக்கென அவர் சம்பளத்தில் எதுவும் கழிக்கப்படுவதில்லை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மட்டுமே கழிவு உண்டு. ஆகவே, ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தை வெட்டுவது என்றால், அரசாங்க உத்தியோகக் குடும்பத்திலே பிறந்தவருக்கு அது புதுவகை வரியாகவே தோற்றுகின்றது.

கமக்காரரின் அனுபவமோ இதனினும் கசப்பானது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி கமக்காரருக்கும் ஓர் ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. வியர்வை சிந்திய காசைத் தவணை தவணையாகக் கட்டினார்கள். நிதி வற்றிப்போய், 2012ஆம் ஆண்டளவில் கொடுப்பனவே தடைப்பட்டது; 2014இலேதான் மீண்டும் தொடங்கியது. தனியார் துறையினரின் ஊழியர் சேமலாப நிதிக்கு நேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. 2022 செப்தெம்பரிலே கொழும்பில் விலைவாசி ஏற்றம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதத்தைத் தொட்டது. அந்தப் புயலில் அரைவாசிப் பெறுமதியை இழந்து நின்ற சேமிப்பின்மீது, 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரால் அடுத்த அடி விழுந்தது. நிதியிடமிருந்த திறைசேரி முறிகள் குறைந்த வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற உடன்படாத நிதிகளுக்கு 14 வீத வரி 30 வீதமாகும் என்ற அச்சுறுத்தலும் கூடவே வந்தது. இப்படிச் சூடுகண்ட குடும்பம், "அரசாங்கத்திடம் காசைக் கொடுத்து வைக்காதே" என்று பிள்ளைக்குச் சொல்வதில் வியப்பென்ன?

வியப்பில்லைத்தான். ஆனால், இங்கே பட்ட சூட்டுக்கு அங்கே மருந்து கட்டுவது பொருந்தாது. அங்குள்ள திட்டம் இன்னதென்று அறிந்த பின்னரே அதைப் பற்றித் தீர்ப்புக் கூறல் வேண்டும்.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 யூலை 5ஆந் திகதி தொடங்கியது. அன்று தொட்டே அதன் ஊழியருக்கு ஓய்வூதியத் திட்டமும் உண்டு. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் கடல் கடந்து சென்ற நம் மருத்துவர் பலர் அத்திட்டத்தின் பயனை அடைந்தவர்களே. பழைய விதிகள் பலமுறை திருத்தப்பட்டன; 2022 ஏப்ரில் முதலாந் திகதியிலிருந்து கடமையிலுள்ள உறுப்பினர் யாவரும் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழேயே ஓய்வூதியம் சேர்க்கின்றனர். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய அத்திட்டத்தின் கணக்கு மிக எளிது. ஓர் ஆண்டு உழைத்தால், அவ்வாண்டுச் சம்பளத்தின் 54இல் ஒரு பங்கு, முதுமையில் ஆண்டுதோறும் ஆயுள்வரை கிடைக்கும் ஓய்வூதியமாக எழுதப்படும். அடுத்த ஆண்டு உழைத்தால் இன்னொரு 54இல் ஒரு பங்கு அதனோடு கூடும். எழுதப்பட்ட தொகை அப்படியே உறங்கிக் கிடப்பதில்லை. ஊழியர் கடமையிலிருக்குங்காறும் விலைவாசி ஏற்றத்துக்கு மேல் ஒன்றரை வீதம் கூட்டி ஆண்டுதோறும் உயர்த்தப்படும்.

ஆண்டுக்கு 30,000 பவுண் சம்பளம் பெறும் தாதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊழியர் செலுத்தும் பங்கு சம்பளத்துக்கேற்ப நூற்றுக்கு 5.2 தொடக்கம் 12.5 வீதம் வரை வேறுபடும். இவருக்கு அது 8.3 வீதம். ஆண்டுக்கு 2,490 பவுண். வரி விதிக்கப்படுமுன்னரே இது கழிக்கப்படுவதால், நூற்றுக்கு 20 வீத வரி கட்டும் அவர் கையிலிருந்து மெய்யாகவே குறைவது 1,992 பவுண். மாதத்துக்கு 166 பவுண். நம் காசில் அறுபதினாயிரம் ரூபாவுக்கு மேல். சிறிய தொகையென்று நாம் சொல்லமாட்டோம். கிளிநொச்சியிலே ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய அது போதும்.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அதே தாதிக்காகத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய பங்கு, 2024 ஏப்ரில் முதல், நூற்றுக்கு 23.7 வீதம். அஃதாவது, ஆண்டுக்கு 7,110 பவுண். தாதி திட்டத்தைவிட்டு விலகினால் அந்த 7,110 பவுணும் அவருக்காகச் செலுத்தப்படுவதில்லை. பொதுவாக அது அவர் கையிலும் கொடுக்கப்படுவதில்லை. மாதம் 166 பவுணை மீதப்படுத்தியதாக எண்ணி மகிழ்பவர், மாதம் 592 பவுணைக் கைநழுவவிட்டதைக் காண்பதில்லை. சம்பளத் துண்டிலே கழிவு மட்டுமே அவர் கண்ணைக் குத்துகின்றது. கைவிட்ட தொகை எந்தத் துண்டிலும் அச்சாவதில்லை.

அவர் ஓராண்டு செலுத்தியதற்குக் கிடைப்பது யாது? 30,000இல் 54இல் ஒரு பங்கு: ஆண்டுக்கு 555 பவுணுக்குச் சற்று மேல், ஆயுள் முழுவதும். கையிலிருந்து குறைந்த 1,992 பவுணை ஈடுசெய்ய, ஓய்வூதியம் பெறத் தொடங்கி நான்கு ஆண்டுகளும் வேண்டியதில்லை. ஐந்தாண்டுகள் விலகியிருந்தவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,777 பவுண் ஓய்வூதியத்தை, அதன்மீது ஏறவேண்டிய உயர்ச்சியையும் சேர்த்து, இழக்கின்றார். விதைநெல்லை அவித்துண்ணும் கமக்காரனை ஊர் பழிக்கும். இதுவோ, விதைநெல்லோடு பக்கத்துக் காணிக்காரன் தரவிருந்த மூன்று பங்கு நெல்லையும் வேண்டாமென்று தள்ளிய கதை.

"அந்த நிதியும் நம் சேமலாப நிதிபோல் ஒருநாள் வற்றாதா?" என்ற ஐயம் நியாயமானதே. உண்மை என்னவென்றால், அங்கே நிதியென்று குவித்து வைக்கப்பட்ட ஒன்று இல்லவே இல்லை. இன்று செலுத்தப்படும் பங்கிலிருந்து இன்றைய ஓய்வூதியர்களுக்குக் கொடுக்கப்படுகின்றது. குறைவதைத் திறைசேரி நிரப்புகின்றது. பங்குச் சந்தை விழுந்தாலும் எழுந்தாலும் சட்டத்தில் எழுதிய தொகை மாறுவதில்லை. அரசாங்கத்தின் வாக்கையே நம்பியிருக்கவேண்டும் என்பது இதன் பலவீனம். அதை நாம் மறைக்கவில்லை. அங்குள்ள அரசாங்கமும் கை வைக்கப் பின்னிற்கவில்லை என்பதற்கு 2011 நவெம்பர் 30ஆந் திகதி பொதுத்துறை ஊழியர் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்ததே சான்று. ஓய்வூதிய வயது உயர்த்தப்பட்டது. செலுத்தும் பங்கும் கூட்டப்பட்டது. ஆனால், அதுவரை உழைத்துச் சேர்த்த உரிமை பறிக்கப்படவில்லை. புதிய திட்டத்துக்கு மாற்றுகையில் முதியோரை மட்டும் காத்து இளையோரைக் கைவிட்டமை வயதுப் பாகுபாடென்று 2018 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நீதிபதிகளும் தீயணைப்பாளரும் தொடுத்த வழக்கு அது. அதன் பயனாக, 2015 தொடக்கம் 2022 வரையிலான ஏழு ஆண்டுகளுக்குப் பழைய விதியா புதிய விதியா என்று தெரிவுசெய்யும் உரிமையை, அம்மாற்றத்தால் பாதிக்கப்பட்ட சுகாதார ஊழியரும் பெற்றனர். அரசாங்கத்தின் வாக்கு மீறப்பட்டபோது நீதிமன்றத்திலே நின்று அதை மீட்க முடிந்த நாடு அது. நம் நாட்டுச் சேமலாப நிதி உறுப்பினருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பிள்ளை அங்கேயே நிலைத்துவிடுமா, ஊருக்குத் திரும்புமா என்பதைச் சொல்ல இயலாது. திரும்ப எண்ணுவோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிரித்தானிய அரசு யாவருக்கும் வழங்கும் பொதுவான முதியோர் ஓய்வூதியம், இலங்கையில் வாழ்வோருக்கு முதல்நாள் பெற்ற தொகையிலேயே உறைந்துவிடும். அங்குள்ளோருக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படும். இங்கு வந்தவருக்கு உயர்த்தப்படாது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் அதன் பெறுமதி தேய்ந்துபோகும். இந்த அநீதியைப் பற்றித் தனியே எழுதவேண்டும். சுகாதார சேவையின் தொழில்வழி ஓய்வூதியத்துக்கோ அத்தகைய தடையில்லை. சாவகச்சேரியில் இருந்து வாங்கினாலும், இலண்டனில் இருந்து வாங்கினாலும், விலைவாசியை ஒட்டி அது உயரும். ஆகவே, "நான் எப்படியும் ஊருக்குத்தான் வரப்போகின்றேன், எனக்கெதற்கு அங்கே ஓய்வூதியம்?" என்பவர்தான் விலகக்கூடாதவர்களில் முதல்வர்.

இரண்டாண்டு எல்லை ஒன்றும் உண்டு. இரண்டாண்டு நிறையுமுன் வெளியேறுபவருக்குத் தாம் செலுத்திய பங்கு மட்டும் வரி முதலியன கழித்துத் திருப்பிக் கொடுக்கப்படலாம். தொழில்தருநரின் பங்கில் ஒரு சதமும் வராது. இரண்டாண்டு நிறைந்தால் ஓய்வூதிய உரிமை உறுதியாகிவிடும். பின்பு வேலையை விட்டு எந்த நாட்டுக்குச் சென்றாலும் அது அவருக்காகக் காத்திருக்கும். மூன்றாண்டு விசாவில் சென்று இருபது மாதத்தில் விலகுபவர் எதைத் துறக்கின்றார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

முதுமைக்கு முன்னரே சாவு வந்தால்? அதற்கும் இத்திட்டத்தில் இடமுண்டு. கடமையிலிருக்கும்போது இறக்கும் உறுப்பினரின் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஈராண்டுச் சம்பளம் ஒருமிக்கக் கிடைக்கும்; துணைக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியமும் உண்டு. 2020இல் கொரோனா நோய் அங்குள்ள வைத்தியசாலைகளிற் புகுந்தபோது, கடமையிலே மாண்ட மருத்துவரிலும் தாதியரிலும் புலம்பெயர்ந்த இனத்தவர் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தனர். திட்டத்தில் இல்லாதோரின் குடும்பங்கள் வெறுங்கையோடு நிற்பதைக் கண்ட அரசாங்கம், இறந்தோர் ஒவ்வொருவரின் பெயரிலும் 60,000 பவுண் வழங்கும் தனி ஏற்பாடொன்றை அவசரமாகச் செய்ய வேண்டியதாயிற்று. நாம் மேலே எடுத்துக்காட்டிய தாதி உறுப்பினராயிருந்தால் அவர் குடும்பம் உரிமையோடு பெற்றிருக்கக்கூடிய தொகையும் அதுவே. அந்தத் தனி ஏற்பாடு இன்று இல்லை.

இவ்வளவும் சொன்னபின் மறுதரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். முழு ஓய்வூதியம் பெறும் வயது, அரச முதியோர் ஓய்வூதிய வயதோடு பிணைக்கப்பட்டுள்ளது. அது 2026 தொடக்கம் 2028 வரையில் 66இலிருந்து 67ஆகின்றது. நோயாளரைத் தூக்கிக் கிடத்தி இடுப்பொடிந்த தாதி 67 வயதுவரை விடுதிகளில் நடமாடுவாள் என்று சட்டம் எழுதியவர் இரவுக் கடமை பார்த்தறியாதவர். முந்திப் பெறலாம், ஆனால் தொகை குறைக்கப்படும். அப்படியிருந்தும், குறைந்த ஓய்வூதியம் என்பது ஓய்வூதியம் இல்லாமையைவிட மேலானது. மிகுந்த சம்பளம் பெறும் விசேட வைத்திய நிபுணர் சிலர் ஓய்வூதிய வரம்பைத் தாண்டியதற்கான வரிக்கஞ்சி விலகியது வேறு கதை. 2023இல் ஆண்டு வரம்பு 40,000இலிருந்து 60,000 பவுணாக உயர்த்தப்பட்டபின் அந்த அச்சமும் பெரிதும் தணிந்தது. அவர்களுக்குக் கணக்காளர் இருக்கின்றார்கள்; நம் கவலை அவர்களைப் பற்றியதன்று.

ஏற்கெனவே விலகியோர் செய்யவேண்டியது யாது? மீளச் சேரும் கதவு மூடப்படவில்லை. 75 வயதுக்கு உட்பட்ட ஊழியர் எந்நேரமும் தொழில்தருநரிடம் எழுதிக்கொடுத்து மீளச் சேரலாம். எழுதிக் கொடாதவரையும் சட்டம் முற்றாகக் கைவிடுவதில்லை. 2008ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, 22 வயதுக்கு மேற்பட்டு, ஓய்வூதிய வயதை எட்டாது, ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் சம்பாதிக்கும் ஊழியரை, ஏறத்தாழ மூன்றாண்டுக்கொருமுறை தொழில்தருநர் தாமாகவே திட்டத்துள் மீளச் சேர்த்தல் வேண்டும். அத்தறுவாயில் கடிதம் வரும். நம்மவரில் எத்தனை பேர் அக்கடிதத்தைக் கண்டவுடன் மறுபடியும் விலகற் படிவத்தைத் தேடி ஓடுகின்றனர்! விலகும்படி ஊழியரைத் தூண்டுவது தொழில்தருநருக்குத் தடைசெய்யப்பட்ட செயல். மேலதிகாரி சட்டத்துக்கஞ்சிச் சொல்லாததை உறவினர் சொல்லிக்கொடுப்பது நல்ல வேடிக்கை.

விலகியிருந்த ஆண்டுகளை, பின்னர் மனம் மாறி, பழைய விலைக்கு வாங்க இயலாது. மேலதிக ஓய்வூதியம் வாங்கும் வழி உண்டெனினும், அதன் முழுச் செலவும் பொதுவாக ஊழியரின் தலையிலேயே விழும். பழைய இறுதிச் சம்பளத் திட்டத்தில் உரிமையுடைய மூத்தோர் ஐந்தாண்டுக்கு மேல் வெளியே நின்றால், அவ்வுரிமைக்கும் இன்றைய சம்பளத்துக்குமுள்ள தொடர்பு அறுந்துவிடும். 1995ஆம் ஆண்டுப் பிரிவில் ஓய்வுபெற்று மீண்டும் கடமைக்குத் திரும்பியோர்க்கு முன்பு கதவு சாத்தப்பட்டிருந்தது. 2023 ஏப்ரில் முதல் அவர்களும் 2015ஆம் ஆண்டுத் திட்டத்திற் சேர்ந்து இரண்டாவது ஓய்வூதியம் ஈட்டலாம். இச்செய்தி நம் மூத்த மருத்துவர் பலருக்கு எட்டவில்லை என்றே அறிகின்றோம்.

காலந்தாழ்த்தியோர் என்ன ஆவர் என்பதற்கு அந்நாட்டுப் பெண் ஊழியரின் வரலாறே சாட்சி. பகுதிநேர ஊழியருக்கு ஒரு காலத்தில் ஓய்வூதியத் திட்டங்கள் பலவற்றில் இடமில்லை. பகுதிநேர ஊழியரிற் பெரும்பாலார் பெண்கள். இது பாலடிப்படையிலான பாகுபாடென்று அவர்கள் வழக்காடினார்கள். வொல்வர்ஹாம்ப்டன் சுகாதார நிறுவனத்துக்கெதிரான பிரெஸ்டன் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 2001இல் பிரபுக்கள் சபையிலே முடிவுற்றது. 1976 ஏப்ரில் 8ஆந் திகதி வரை பின்னோக்கிச் சென்று உரிமை கோரலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால், வேலையை விட்டு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்தோருக்கே அப்பயன். தாக்கல் செய்தோரும் பழைய ஆண்டுகளுக்குத் தம் பங்கைக் கட்டியே உரிமையை மீட்டார்கள். இலவசமாக வந்ததன்று. அப்படிக் கால் நூற்றாண்டு போராடி, காசும் கட்டி, உள்ளே நுழைந்த பெண்கள் இருந்த இடத்திலிருந்துதான் நம் பெண்பிள்ளைகள் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டு வெளியே வருகின்றார்கள்.

இவையெல்லாம் உள்ளே நுழையும் உரிமை உடையோரின் கதை. உரிமையே இல்லாதோரும் நம்மவரில் உளர். 1983இல் (அவ்வாண்டு நமக்கு வேறு காரணத்தால் மறவாதது) அந்நாட்டு அரசாங்கம் வைத்தியசாலைகளின் துப்புரவு, சமையல், சலவை வேலைகளைக் கேள்விப்பத்திரத்துக்கு விடும்படி பணித்தது. அன்று தொடங்கி, ஒரே விடுதியிலே தாதி சுகாதார சேவையின் ஊழியராகவும் நிலத்தைக் கழுவுபவர் கம்பனியின் ஊழியராகவும் பிரிந்தனர். சேவையிலிருந்து கம்பனிக்கு மாற்றப்பட்டோர் தம் ஓய்வூதியத் திட்டத்திலேயே தொடர 2013இல் வழி செய்யப்பட்டது. கம்பனியிற் புதிதாகச் சேர்வோருக்கு அதுவும் இல்லை. முதியோர் இல்லங்களிற் பணிபுரிவோரின் நிலையும் அதுவே. 2022 பெப்ரவரியிற் பராமரிப்பு ஊழியருக்கு விசாக் கதவு திறக்கப்பட்டு, 2025 யூலையில் மூடப்படுமுன் நம்மவர் பலரும் அவ்வழியே சென்றனர். அவர்களிற் பெரும்பாலாருக்குத் தனியார் தொழில்தருநர் கட்டவேண்டியது சட்டம் விதித்த ஆகக்குறைந்த அளவே: 6,240 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்தில் நூற்றுக்கு 3 வீதம். 24,000 பவுண் சம்பளக்காரருக்கு அது ஆண்டுக்கு 533 பவுண். அதே சம்பளம் பெறும் சுகாதார சேவை ஊழியருக்குக் கட்டப்படுவது 5,688 பவுண். ஒரே கிழவியை இன்று வைத்தியசாலையிற் கழுவித் துடைப்பவருக்கும் நாளை இல்லத்திற் கழுவித் துடைப்பவருக்கும் முதுமையில் இத்தனை பேதம்.

இந்த 533 பவுணையும் வேண்டாமென்று விலகுவோர் உளர். அவர்களுக்கும் நாம் சொல்வது, விலகாதீர்கள் என்பதே. ஆனால், அதற்கு மேல் ஒன்றைக் கேட்கும் உரிமை அவர்களுக்குண்டு. அக்கோரிக்கை தொழிற்சங்கத்தின் வழியே அன்றித் தனியாள் எழுதும் கடிதத்தால் எழாது. அங்குள்ள நம் சங்கங்கள் கோயில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் விருந்துக்கும் கூட்டும் கூட்டங்களில் ஒன்றையேனும், ஓய்வூதியத் துண்டைக் கையில் எடுத்துவரச் சொல்லிக் கூட்டலாம். சுகாதார சேவை ஊழியரும் கம்பனி ஊழியரும் பராமரிப்பு இல்ல ஊழியரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து தம் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊரிலுள்ள நாமோ, அடுத்த முறை தொலைபேசியிற் பேசும்போது, அந்த மாதம் வரும் காசு 166 பவுண் குறைந்ததேன் என்று கேட்காதிருப்போமாக.